விவாத இழை: பலகாரம், துணி, பவனி போகக் கிறிஸ்துவுக்கு எத்தனை நிமிடம்?

27 நவம்பர் 2025, இரவு 9.40 | மாயவரம் வாசகி

டிசம்பர் பிறந்தால் துணி எடுக்கக் கும்பகோணம், மாவு அரைக்க மில், பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, கோயிலில் பாட்டுப் பயிற்சி, ராத்திரி கேரல். 25 மதியம் பிரியாணி சாப்பிட்டதும் வீடே படுத்துத் தூங்கிவிடுகிறது. கிறிஸ்து பிறப்பின் பொருள் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, அது இந்த ஓட்டத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழையும்? வேலையைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். பலகாரத் தட்டு போகாத வீட்டில் மறுநாளே கேட்பார்கள். ஒரு குடும்பத்தால் செய்ய முடிகிறதைச் சொல்லுங்கள்.

27 நவம்பர், இரவு 11.15 | கொள்ளிடக்கரை

வேலை தப்பான தேதியில் விழுகிறது. சிக்கல் அங்கேதான்.

கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பதும், லுத்தரன், சி.எஸ்.ஐ. சபையார் அட்வெந்து என்பதும் ஒன்று: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். இந்த ஆண்டு நவம்பர் 30, டிசம்பர் 7, 14, 21. அது காத்திருக்கிற காலம். கத்தோலிக்கக் கோயிலில் குருவானவர் ஊதா உடுப்பார், மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஜா நிறம். ஞாயிற்றுப் பூசையில் வானவர் கீதம் பாடுவதில்லை. நான்கு வாரம் வாயைக் கட்டி வைத்து, 24 நள்ளிரவில் மணி அடிக்க அந்தக் கீதத்தை எடுப்பார்கள். இடையருக்கு வானதூதர் பாடியது அதுதானே, அதனால் அந்த ராத்திரிக்கென்று சேர்த்து வைக்கிறார்கள்.

விழா அங்கேதான் தொடங்குகிறது. பிறகு 26 ஸ்தேவான், 27 யோவான், 28 மாசில்லாக் குழந்தைகள் (ஏரோது கொன்ற பெத்லகேம் பிள்ளைகள்), ஜனவரி 1 மரியா இறைவனின் தாய், ஜனவரி 6 மூவரசர் திருநாள், ஜனவரி 11 ஆண்டவரின் திருமுழுக்கு. ஏறக்குறைய இரண்டரை வாரம்.

நாமோ காத்திருக்கும் மாதத்தில் விழாவைக் கொண்டாடித் தீர்த்துவிட்டு, விழா தொடங்கும்போது ஸ்டாரை இறக்குகிறோம். முகூர்த்தத்துக்கு முன்பே பந்தி போட்டால், தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் கை கழுவிக்கொண்டு நிற்பார்கள்.

ஆகவே முதல் வேலை, தேதிகளைப் பிரிப்பது. துணி, மளிகை, வெள்ளையடிப்பு எல்லாம் டிசம்பர் 16-க்குள். 17 முதல் 24 வரை கடைத்தெருவுக்கே போகாத எட்டு நாள். உறவு வீட்டுக்குப் போவது, விருந்து, கேக் வெட்டுவது, அன்பியக் கூட்டம் (பங்கின் தெருக்குழுக் கூட்டம்) எல்லாம் 26 முதல் ஜனவரி முதல் வாரம் வரை. அதுதான் பள்ளி விடுமுறையும்கூட.

28 நவம்பர், காலை 6.30 | கொள்ளிடக்கரை

17 என்று ஏன் சொன்னேன் என்பதை ராத்திரி விட்டுவிட்டேன்.

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் நாளுக்கு ஒரு விளி உண்டு, மிகப் பழைய வழக்கம். ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஏழும் மெசியாவுக்குப் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்த பெயர்கள். ஒவ்வொன்றும் "வாரும்" என்ற வேண்டுதலோடு முடியும்.

வீட்டில் இதற்குப் பத்து நிமிடம் போதும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் விளக்கேற்றி அன்றைய பெயரை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் "வாரும் ஆண்டவரே" என்கிறார்கள். பிறகு வாசகம்: 17 அன்று மத்தேயு 1:1-17, 18 அன்று 1:18-24, 19 முதல் 24 வரை லூக்கா முதல் அதிகாரம் துண்டு துண்டாக. பூசையின் அன்றாட வாசகமும் இதே வரிசைதான். மத்தேயுவின் தலைமுறைப் பட்டியலைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், பெயர்களில் தடுக்கி அழுதுவிடும். பெரியவர் வாசிக்கட்டும், பிள்ளைகள் அதில் வரும் பெண்களின் பெயரை மட்டும் பிடிக்கட்டும்: தாமார், ராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, மரியா. ஐந்தும் கிடைத்தால் அவ்வளவு பெரிய பட்டியல் பிள்ளைக்கு மறக்காது.

மார்கழி 1 டிசம்பர் 16-ல் வருகிறது. தெருவில் அதிகாலைக் கோலமும் பாட்டும் தொடங்கும் அதே வாரம். ஊரே சீக்கிரம் எழும் காலம், மாலையில் முடியாதவர்கள் விடியலில் வைத்துக்கொள்ளலாம்.

29 நவம்பர், பிற்பகல் | தஞ்சை வாசகர்

அட்வெந்து வளையத்துக்கு இங்கே என்ன தழை நிற்கும்? கடையில் விற்கும் பிளாஸ்டிக் வளையம் பார்த்தாலே மனசு ஒட்டவில்லை.

29 நவம்பர், மாலை 5 | கொள்ளிடக்கரை

சவுக்கு. நாகை, வேதாரண்யம் கடலோரத் தோப்பிலிருந்து வரும் நுனிக்கிளை பத்து நாள் பச்சை மாறாது. மாவிலை ஒரு வாரம், வேம்பு மூன்று நாளில் கொட்டும்.

வளையத்தைத் தொடங்கியவர் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் கேட்டதால் 1839-ல் ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்தி, மற்ற நாள்களுக்குச் சின்னச் சின்னது வைத்து, தினம் ஒன்று ஏற்றினார். அதனால் சிறுவர் சைக்கிளின் பழைய ரிம் நமக்கு நன்றாகவே பொருந்தும். சணல் சுற்றிக் கிளைகளை ஒரே திசையில் செருகுங்கள். மெழுகுவர்த்திக்குப் பதில் நான்கு அகல். கார்த்திகைத் தீபம் 3-ஆம் தேதி வருவதால் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

1 டிசம்பர், காலை | கொள்ளிடக்கரை

இரண்டு திருத்தம்.

அகலைத் தழைக்கு நடுவே வைக்காதீர்கள். சவுக்கு காய்ந்தால் தீப்பெட்டிக் குச்சி மாதிரிப் பிடிக்கும். ரிம்முக்கு உள்ளே ஒரு தாம்பாளம், அதில் இரண்டு விரல் ஆற்று மணல், மணல்மேல் நான்கு அகல். தழைக்கும் சுடருக்கும் ஒரு சாண் இடைவெளி. பத்தாம் நாள் கிளையை மாற்றிவிடுங்கள்.

மெழுகுவர்த்திதான் வேண்டும் என்றால் கணக்குப் பார்த்து வாங்குங்கள். தினம் 15 நிமிடம் எரித்தால் முதல் வர்த்தி 25 நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். இரண்டாவது நாலரை மணி, மூன்றாவது மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு, நான்காவது ஒரு மணி. ஒல்லி வர்த்தி வாங்கினால் இரண்டாம் ஞாயிறு வருவதற்குள் முதலாவது கரைந்திருக்கும், பலர் அத்தோடு கைவிட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டும் தடியாக இருக்கட்டும்.

4 டிசம்பர் | நாகை வாசகர்

டிசம்பர் 25 ரோமரின் சூரியத் திருநாள். அதைச் சபை எடுத்துக்கொண்டது. பைபிளில் தேதியே இல்லாதபோது எந்தப் பொருளைத் தேடுகிறீர்கள்?

4 டிசம்பர் | கொள்ளிடக்கரை

பைபிளில் தேதி இல்லை, சரி. ரோமில் 25-ஐக் கிறிஸ்து பிறப்பு என்று குறிக்கும் பழைய பதிவு 354-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது, அந்தப் பட்டியல் 336-ஐச் சேர்ந்தது. சூரியத் திருநாளிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். மார்ச் 25-ல் கருவுற்றார் என்று கணக்கிட்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொன்று. அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

ஆனால் கொண்டாடப்படுவது தேதி இல்லை. கடவுள் மனிதரானார் என்ற நம்பிக்கை. 325-ல் நிசேயாவில் கூடிய சங்கம் அறிக்கையாக எழுதியது அதைத்தான், இந்த ஆண்டோடு 1700 வருடம். கத்தோலிக்கப் பூசையில் விசுவாச அறிக்கையின் "மனிதரானார்" என்ற வரி வரும்போது மற்ற நாளில் தலைவணங்குவார்கள். கிறிஸ்து பிறப்பு அன்றும் மார்ச் 25-லும் மட்டும் முழங்காலில் விழுவார்கள். புதுச்சேலையும் புதுப்பேன்ட்டும் கசங்குமே என்று பலர் பாதியில் நிற்பது வழக்கம். பொருள் எங்கே நுழையும் என்று மாயவரம் சகோதரி கேட்டதற்கு ஒரு பதில் அந்த முழங்காலில் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

8 டிசம்பர், இரவு | மாயவரம் வாசகி

தேதியைப் பிரித்தாச்சு அண்ணே. ஆனால் நேற்றுப் பிரசங்கத்தில் மார்த்தா, மரியா என்ற சகோதரிகளின் கதை. அடுப்படியில் நிற்கிறவள் மார்த்தா, இயேசுவின் காலடியில் உட்கார்ந்தவள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று. நாங்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் முறுக்கை யார் பிழிவது?

8 டிசம்பர், இரவு 10.50 | கொள்ளிடக்கரை

நியாயமான கோபம். லூக்கா 10-ஐத் திரும்ப வாசியுங்கள். சமைக்காதே என்று இயேசு சொல்லவில்லை. பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்கிறார். அதோடு, மார்த்தா கேட்டது உதவி. கூடத்தில் இருந்த ஆண்கள் ஒருவரும் எழுந்ததாக அங்கே எழுதவில்லை. டிசம்பரில் இந்தப் பகுதியைப் பெண்களைக் குறைசொல்ல எடுக்கிறவர்கள், முதலில் உரலைப் பிடிக்கட்டும்.

கணக்கு இதோ. நான்கு பங்கு அரிசிமாவு, ஒரு பங்கு வறுத்த உளுந்துமாவு, மொத்தம் ஒரு கிலோ. ஒருவரே பிழிந்து, சுட்டு, எடுத்தால் இரண்டு மணி நேரம். ஒருவர் பிழிய ஒருவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தால் ஒரு மணி. பிழிவது கைவலு வேலை, வீட்டு ஆண்களுக்குரியது. மாவு தளர்ந்தால் முறுக்கு எண்ணெய் குடிக்கும், இறுகினால் பிழியும்போதே அறுந்து விழும். கட்டைவிரலால் அமுக்கினால் விளிம்பு வெடிக்காமல் குழி விழ வேண்டும்.

மரியாவின் கணவர் சூசையப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு நற்செய்தியிலும் அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதாக இல்லை. எழுந்தார், கூட்டிக்கொண்டு போனார், பெயரிட்டார், மறுபடி எழுந்தார். எல்லாம் வேலை. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர், அந்தப் பேசாத மனிதரைத்தான் தேம்பாவணிக்கு நாயகனாக்கி வளன் என்று பெயர் வைத்து 3,615 பாட்டு எழுதினார்.

11 டிசம்பர் | கொள்ளிடக்கரை

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சை வேண்டியவர்கள் 13 அன்று விதைக்க வேண்டும். விதைநெல்லை 24 மணி நேரம் ஊறவைத்து, ஈரச்சாக்கில் ஒரு நாள் மூட்டம் போட்டு, முளை கண்டதும் தட்டில் பரப்புங்கள். டிசம்பர் 13 புனித லூசியா திருநாள். குரோஷியா, ஹங்கேரிப் பக்கத்தில் அன்று தட்டில் கோதுமை முளைக்கப் போட்டு, கிறிஸ்துமஸ் அன்று நடுவில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். நம் முளைப்பாரிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி.

12 டிசம்பர், காலை | கொள்ளிடக்கரை

நெல் வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒருவர் தனிமடலில் சொன்னது சரி. இரண்டு காரணம்.

நெல் பன்னிரண்டு நாளில் சாண் உயரம் நெருங்கிச் சாய்ந்துவிடும், சொரூபங்கள் மறைந்துபோகும். கேழ்வரகுதான் நாலு விரல் உயரத்தில் புல்தரை மாதிரி நிற்கும். ஒன்றரை அடித் தட்டுக்கு ஒரு கைப்பிடி. எட்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் ஒரு ராத்திரி கட்டி வைத்து, மூன்று விரல் மண்ணும் எருத்தூளும் கலந்த தட்டில் தூவி, ஈரச்சாக்கால் இரண்டு நாள் மூடுங்கள். பிறகு வெளிச்சத்தில் வையுங்கள். தண்ணீரைத் தெளிக்கணும், ஊற்றக் கூடாது. இந்த மூட்டமான வானத்தில் தண்ணீர் தேங்கினால் அடியில் வெள்ளைப் பூசணம் பிடித்து மொத்தமும் அழுகும். தட்டின் அடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டை.

இரண்டாவது, கடையில் பையோடு வாங்கும் விதைநெல்லில் பூசணக்கொல்லி மருந்து பூசியிருக்கும். பிள்ளைகள் கையால் அளையக் கூடாது. விழா முடிந்து அந்தப் புல்லை ஆட்டுக்குப் போடவும் முடியாது.

வைக்கோல்: குறுவை வைக்கோல் மழையில் நனைந்து ஊசின வாடை அடிக்கும். சம்பா இன்னும் வயலில். போரின் உள்பக்கத்திலிருந்து உருவியெடுத்த பழைய வைக்கோலை ஒரு வெயில் காயவைத்தால் போதும். சீரியல் பல்பின் இணைப்புகள் வைக்கோலில் படக் கூடாது.

15 டிசம்பர், இரவு | கொள்ளிடக்கரை

குடிலுக்குள் என்ன வைக்கிறோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 27 அன்று எழுதியதையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது.

லூக்கா 2:7. பழைய மொழிபெயர்ப்பில் பிள்ளையை "முன்னணையிலே" கிடத்தினாள் என்றிருக்கும். பொது மொழிபெயர்ப்பில் "தீவனத் தொட்டி". நம் பக்கத்துத் தொழுவத்தில் கவணை என்போமே, அந்த இடம். மரச்சட்டத்தின் மேல்விளிம்பு மாட்டின் கழுத்து உரசி உரசி வழவழவென்று கறுத்திருக்கும். அடியில் வைக்கோல் சுணையும் நேற்றைய தவிட்டின் புளிச்ச வாடையும். கைக்குழந்தையைப் படுக்கவைக்க யாரும் தேடிப்போகிற இடம் இல்லை.

லூக்கா மாட்டையோ கழுதையையோ சொல்லவில்லை, அவை எசாயா 1:3-லிருந்து வந்து சேர்ந்தவை. தொழுவம் என்றும் சொல்லவில்லை. தொட்டியை மட்டும் சொல்கிறார், அதுவும் மூன்று தடவை: 7, 12, 16-ஆம் வசனங்கள். இடையருக்கு வானதூதர் கொடுத்த அடையாளமே அந்தத் தொட்டிதான். "சத்திரம்" என்று நாம் வாசிக்கிற கிரேக்கச் சொல்லை, கடைசி இராவுணவு நடந்த அறைக்கும் லூக்கா பயன்படுத்துகிறார் (22:11). நல்ல சமாரியர் கதையில் வரும் சத்திரத்துக்கு வேறு சொல். ஆகவே சொந்தக்காரர் வீட்டு விருந்தாளி அறை நிறைந்து, மாடு கட்டும் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள் என்று வாசிப்பவர்களும் உண்டு. அப்படியானால் விரட்டிய சத்திரக்காரர் என்று நாடகத்தில் ஒருவரை நிறுத்துவது நாமே சேர்த்தது. நெரிசலான வீடு, அவ்வளவுதான். டிசம்பரில் நம் வீடு மாதிரி.

பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்பத்தின் வீடு. அந்த ஊரில், தீனி வைக்கிற தொட்டியில் அவரைக் கிடத்தினார்கள். பின்னால் அவரே "நானே அப்பம்" என்று சொல்லப்போகிறார். சோழ நாடு சோறுடைத்து என்று சொல்லிக்கொள்ளும் மண்ணுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்படியானால் அடுப்படி கிறிஸ்துமஸுக்கு வெளியே இல்லை. பலகாரத்தையும் பொருளையும் எதிரெதிரே நிறுத்தி முன்பு எழுதினேன், அது பாதிதான் சரி. தேதி முக்கியம். அதைவிட, யார் சாப்பிடப்போகிறார்கள் என்பது முக்கியம். சம்பாவில் நடவு, களையெடுப்பு முடிந்துவிட்டது. அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம். கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் கையில் காசு இல்லாத வாரங்கள் இவை. மழையில் சுவர் இடிந்த வீடுகளும் இருக்கும். துணிக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு ஜோடியைக் குறைத்து, பத்து கிலோ அரிசி, ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு போர்வை. 20-க்கு முன் கொடுங்கள். 25 அன்று கொடுத்தால் அவர்கள் விருந்துக்கு உதவாது. புகைப்படம் எடுக்காதீர்கள்.

16 டிசம்பர் | தரங்கம்பாடி வாசகர்

லூக்கா 2 என்றதும் சொல்லத் தோன்றியது. ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் இங்கே இறங்கினார். தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறி 1715-ல் முடிந்தது இந்த ஊரில்தான். 1718-ல் அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. விடுமுறையில் வருகிறவர்கள் டேனிஷ் கோட்டையில் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், ஆலயத்துக்குள் உட்கார்ந்து லூக்கா 2-ன் முதல் இருபது வசனத்தையும் சத்தமாக ஒருமுறை வாசியுங்கள். நான்கு நிமிடம் ஆகாது.

18 டிசம்பர் | கொள்ளிடக்கரை

கேரல் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். 80 வீடு, மூன்று இரவு, தினம் ஏழிலிருந்து பத்து. மொத்தம் 540 நிமிடம். வீட்டுக்கு ஏழு நிமிடம்கூட வராது, நடக்கிற நேரத்தையும் சேர்த்து. அதனால்தான் கடைசி வீடுகளுக்கு நள்ளிரவில் போய், பாதிப் பாட்டுப் பாடி, உண்டியலை நீட்டிவிட்டு ஓடுகிறார்கள். விழித்துக் காத்திருந்த பாட்டிக்குக் கிடைத்தது டிரம் சத்தம் மட்டும்.

ஐந்து வீட்டுக்கு ஒரு முனை என்று கூட்டுங்கள். 16 முனை, முனைக்கு 20 நிமிடம். 320 நிமிடம், இரண்டு இரவில் முடியும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு பாட்டு முழுசாக, நடுவில் லூக்கா 2:8-14, பிறகு செபம். மிச்சமான மூன்றாம் இரவு, நடமாட முடியாதவர்கள் வீட்டுக்கு மட்டும். அங்கே டிரம் வேண்டாம். நாலு பேர் உள்ளே போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கிற பழைய பாட்டைப் பாடுங்கள். ஒலிபெருக்கி பத்து மணிக்கு மேல் சட்டப்படியே கூடாது. தேர்வு எழுதும் பிள்ளை உள்ள தெருவில் அதற்கும் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.

20 டிசம்பர், காலை | கொள்ளிடக்கரை

அதிரசமாவு இன்று. பச்சரிசி ஒரு கிலோவை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் தெரியும்போதே அரைத்துச் சலியுங்கள். வெல்லம் முக்கால் கிலோ. பாகைத் தண்ணீரில் விட்டால் கையில் மெத்தென்று உருள வேண்டும். பதம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், மிஞ்சினால் கல். இந்த ஈரக்காற்றில் மாவு சீக்கிரம் பூசணம் பிடிக்கும். மேலே நெய் தடவி, ஈரமில்லாத பானையில் துணி கட்டி இரண்டு நாள், அதற்குமேல் வேண்டாம். 22 அன்று சுட்டுவிடுங்கள்.

20 வீட்டுக்குத் தட்டு, தட்டுக்கு மூன்று என்றால் 60. கிலோவுக்கு 40 வரும், ஒன்றரைக் கிலோ போடுங்கள். மார்கழியில் முட்டை சேர்க்காத அக்கம்பக்கத்து வீடுகள் இருக்கும். அச்சுமுறுக்கை முட்டை இல்லாமல் தேங்காய்ப்பாலில் கரையுங்கள், அதை அவர்களிடம் சொல்லியும் கொடுங்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நம் வீட்டுக்கு வந்த தட்டுகளுக்குப் பதில் மரியாதை அது. மாவு அச்சில் ஒட்டிக்கொண்டே வந்தால் அச்சு சூடாகவில்லை. முக்கால் பங்குக்கு மேல் முக்கினால் மேல்பக்கம் மூடிக்கொண்டு கழலாது.

21 டிசம்பர் | மாயவரம் வாசகி

முறுக்கு முடிந்தது. பிழிந்தது அவர். ராத்திரி "உதயமே" என்று சின்னவன் விளக்கைப் பார்த்துச் சொன்னான். 24 ராத்திரிக்கு என்ன செய்யலாம்? போனை அணைத்து வைக்கலாமா?

23 டிசம்பர் | கொள்ளிடக்கரை

அணைக்கச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் டெல்டாவில் பாதி வீட்டில் ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். அவர்களுக்கு அந்த ராத்திரி நாம்தான் கோயில். நம் எட்டு மணி துபாயில் ஆறரை, சிங்கப்பூரில் பத்தரை. மூவரும் விழித்திருக்கும் நேரம் அதுதான். வீடியோவில் கூப்பிட்டு, லூக்கா 2:1-14-ஐ அங்கிருப்பவரை வாசிக்கச் சொல்லுங்கள். வேலைக்காக ஊரைவிட்டுப் போனவர் வாயில் பெயர்ப்பதிவுக்காக ஊர்விட்டு ஊர் நடந்தவர்களின் கதை. நாசரேத்திலிருந்து பெத்லகேம், ஏறக்குறைய திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் நடக்கும் தூரம், அதுவும் நிறைமாதமாக.

அடுப்பு மாலை ஐந்துக்கு அணையட்டும். கறிக்கு இன்றே சொல்லி வையுங்கள். பிரியாணியை 25 காலை பத்துக்குத் தொடங்கினால் போதும். குடிலில் தொட்டி காலியாகவே இருக்கட்டும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும், அல்லது விடியற்காலை ஆராதனை முடிந்ததும், வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளை குழந்தை இயேசுவைக் கொண்டுவந்து கிடத்தட்டும். மூவரசரை இப்போதே குடிலில் நிறுத்தாதீர்கள். மத்தேயு அவர்கள் "வீட்டுக்குள்" போனதாகச் சொல்கிறார், எத்தனை பேர் என்றும் சொல்லவில்லை. திண்ணையில் தொடங்கி, நாளுக்கு நாலடி நகர்த்துங்கள்.

26 டிசம்பர், காலை 6 | நாகை வாசகர்

அன்று சூரியத் திருநாள் என்று எழுதியவன்தான். 2004-ல் இந்தத் தேதியும் ஞாயிறும் சேர்ந்து வந்தன. சுனாமி கொண்டுபோனது நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களை, வேளாங்கண்ணிக்கு விழாவுக்கு வந்தவர்களும் சேர்த்து. விருந்தை 26-க்குத் தள்ளுங்கள் என்று இழையின் தொடக்கத்தில் இருக்கிறது. கடலோரத்தில் இந்தக் காலை விருந்துக்கானது இல்லை.

26 டிசம்பர், காலை 6.40 | கொள்ளிடக்கரை

நீங்கள் சொல்வது சரி. அது என் தவறு, திருத்திக்கொள்கிறேன். விருந்து 27 முதல். இன்று கரையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களோடு நிற்க முடிந்தவர்கள் நில்லுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் குடில் முன் ஒரு அகலை அவர்களுக்காக ஏற்றுங்கள். நாளை மறுநாள் மாசில்லாக் குழந்தைகளின் நாள், ஞாயிறாக விழுவதால் இந்த ஆண்டு கத்தோலிக்கக் கோயிலில் திருக்குடும்ப விழா வந்தாலும். சபை தன் பிறப்பு விழாவுக்குள்ளேயே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் அழுகையைச் சேர்த்து வைத்திருக்கிறது, மத்தேயு 2:18. அதை வாசிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

4 ஜனவரி 2026 | கொள்ளிடக்கரை

முதல் குறிப்பில் மூவரசர் திருநாள் ஜனவரி 6 என்று எழுதியிருந்தேன். பழைய தேதி அது. இந்தியாவில் கத்தோலிக்கர் ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஞாயிறில் கொண்டாடுகிறார்கள், அதனால் இன்றுதான். திண்ணையிலிருந்து கிளம்பியவர்கள் இந்நேரம் குடிலுக்கு வந்திருப்பார்கள்.

4 ஜனவரி, மாலை | மாயவரம் வாசகி

வந்துவிட்டார்கள். குடிலை எப்போது பிரிப்பது அண்ணே? கேழ்வரகு இன்னும் பச்சையாக நிற்கிறது.

4 ஜனவரி, இரவு | கொள்ளிடக்கரை

11 திருமுழுக்கு ஞாயிறு முடிந்ததும். சொரூபங்களை ஈரமில்லாத துணியில் தனித்தனியாகச் சுற்றுங்கள். செய்தித்தாள் மை வெள்ளை மேலாடையில் ஒட்டும். ஸ்டாரின் வயரைச் சுருட்டும்போது மழை இறங்கிய இணைப்பு டேப்பைப் பிரித்துப் புதிதாகச் சுற்றி வையுங்கள். கேழ்வரகுப் புல்லை மண்ணோடு ஆட்டுக்குக் காட்டாதீர்கள், அறுத்துப் போடுங்கள். வைக்கோலில் மெழுகோ ஜிகினாவோ சேர்ந்திருந்தால் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பசுவின் கவணையில் போட்டுவிடுங்கள்.